கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடிப் பெருந்துறைமுகம் 2011ஆம் ஆண்டிலிருந்து வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1908 ஜூலை 7ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வாசித்த தீர்ப்பில் அதே பெயர் ஒரு ராஜத்துரோகியின் பெயர். 1911இல் மணியாச்சியில் சுடப்பட்டு இறந்த கலெக்டர் ஆஷுக்கு எழுப்பிய நினைவு மண்டபமும் இதே தூத்துக்குடியில்தான் இருக்கிறது. ஆட்சி மாறினால் துரோகி தியாகி ஆவார், அவ்வளவுதானே என்று இதைப் பேசி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். அப்படி முடித்தால், வென்றவன் பக்கம்தான் சட்டம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தோற்றவனுக்கும் நியாயம் உண்டு என்று நம்புகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

அந்நியனுக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது. எதிரிக்கும் செய்ய முடியாது. எதிரியோடு போரிடலாம், அவனை ஏமாற்றலாம், கொல்லவும் செய்யலாம். அதற்கெல்லாம் வேறு பெயர்கள் உண்டு. ஒருவரையொருவர் நம்பிய இடத்தில்தான் துரோகம் நிகழும். ஆகவே ஒருவனைத் துரோகி என்று கூண்டில் ஏற்றுகிற அரசு, முதலில் அவனுக்கும் தனக்கும் இருந்த உறவைக் காட்ட வேண்டும். நான் உன்னை இப்படிக் காத்தேன், நீ என்னை இப்படிக் கைவிட்டாய் என்று சொல்ல முடிய வேண்டும். கயத்தாற்றிலிருந்து இடிந்தகரை வரை, இந்தக் கரையில் நடந்த துரோக வழக்குகளில் அந்த முதற்பாதியை எந்த அரசும் நிரூபிக்கவில்லை. இரண்டாம் பாதிக்கு மட்டும் தண்டனை வழங்கியது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

*

இந்தச் சிந்தனை நம்முடைய புகார் மட்டும் அல்ல. குற்றம் சாட்டியவர்களின் சொந்தச் சட்ட மரபிலேயே அது இருக்கிறது.

இங்கிலாந்தின் ராஜத்துரோகச் சட்டம் 1351இல், மூன்றாம் எட்வர்ட் காலத்தில் இயற்றப்பட்டது. அரசனின் சாவை மனத்தில் எண்ணுவது, அவன் நாட்டுக்குள் அவனுக்கெதிராகப் போர் தொடுப்பது, அவன் பகைவரோடு சேர்வது ஆகியவை அதில் சொல்லப்பட்ட தலையாய குற்றங்கள். தண்டனை பயங்கரமானது. தூக்கிலிட்டு, உயிர் போகுமுன் இறக்கி, குடலை எடுத்து, உடலை நான்காக வெட்டுவார்கள். தண்டனை இவ்வளவு கொடூரமாக இருந்ததால், யாரைத் துரோகி என்று சொல்லலாம் என்பதற்கு வரம்பு கட்ட அந்த நாட்டவர் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார்கள். 1608இல் கால்வின் வழக்கில் எட்வர்ட் கோக் இதன் அடிப்படையை விளக்கினார்: அரசன் காக்கிறான், ஆகவே குடி கட்டுப்படுகிறான், காப்பு இருக்கும் இடத்தில்தான் கட்டுப்பாடு பிறக்கும். 1696இல் வந்த சட்டம், ராஜத்துரோகம் சாட்டப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகையின் நகலையும் வழக்கறிஞரையும் உறுதிசெய்தது. இரண்டு சாட்சிகள் இல்லாமல் குற்றத்தை நிலைநாட்ட முடியாது என்றும் விதித்தது.

இந்த வரம்புகள் எவ்வளவு வலுவானவை என்பது 1794இல் தெரிந்தது. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு நடுங்கிய பிட் அரசாங்கம், நாடாளுமன்றச் சீர்திருத்தமும் பரந்த வாக்குரிமையும் கேட்ட லண்டன் தொடர்புக் கழகத்தின் செயலாளர் தாமஸ் ஹார்டியைக் கைதுசெய்தது. ஹார்டி செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவருடைய கழகத்தில் வாரம் ஒரு பென்னி சந்தா கட்டினால் உறுப்பினர் ஆகலாம். வாக்குரிமை கேட்பது எப்படி அரசனின் சாவை எண்ணுவதாகும்? சீர்திருத்தம் கலகமாகும், கலகம் அரசனைக் கவிழ்க்கும், கவிழ்ந்த அரசன் சாவான் என்று அரசுத் தரப்பு படிப்படியாக வாதத்தைக் கட்டியது. அட்டர்னி ஜெனரல் ஜான் ஸ்காட்டின் தொடக்க உரை மட்டும் ஒன்பது மணி நேரம் நீண்டது. ஹார்டிக்காகத் தாமஸ் எர்ஸ்கின் வாதாடினார். அக்டோபர் 28ஆம் தேதி தொடங்கிய விசாரணை நவம்பர் 5ஆம் தேதி முடிந்தது. ஜூரிகள் குற்றவாளி அல்ல என்றார்கள். அடுத்தடுத்து, இதே குற்றம் சாட்டப்பட்ட ஹார்ன் டூக்கும் ஜான் தெல்வாலும் விடுதலையானார்கள். ஹார்டியின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு லண்டன் மக்களே அதை இழுத்துப் போனார்கள். அவர் சிறையில் இருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்திருந்தார். அந்த ஊர்வலத்தின் நடுவே மனைவியைப் புதைத்த இடத்தில் ஹார்டி இறங்கி நின்றார்.

ஒரு பேரரசின் முழு பலமும் ஒரு செருப்புத் தொழிலாளியின் மேல் பாய்ந்தபோது, பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் அதைத் தடுத்தார்கள். பிரிட்டனின் நீதி மரபில் மனமார மதிக்கத்தக்க நாட்களில் அது ஒன்று. அந்த மரபு கப்பலேறி இங்கே வரவில்லையே என்பதுதான் என் துக்கம்.

*

ஹார்டி விடுதலையாகி ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னால் வீரபாண்டியக் கட்டபொம்மனை விசாரித்தார். கிஸ்தி கட்டவில்லை, கலெக்டர் அழைத்தபோது வரவில்லை, கும்பினிப் படையை எதிர்த்துச் சுட்டான் என்பவை குற்றச்சாட்டுகள். ஜூரி இல்லை, வழக்கறிஞர் இல்லை. அவனுடைய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய படையின் தளபதியே விசாரணை அதிகாரி. அன்றைக்கே புளியமரத்தில் தூக்கு.

கட்டபொம்மனுக்கும் கும்பினிக்கும் என்ன உறவு இருந்தது? ஆற்காட்டு நவாபு கடன்பட்டார். 1792 ஒப்பந்தத்தின் வழியாகப் பாளையங்களில் பேஷ்குஷ் வசூலிக்கும் உரிமை கும்பினியின் கைக்குப் போனது. பாஞ்சாலங்குறிச்சியை யாரும் கேட்கவில்லை. அடகு வைத்த சொத்து கைமாறுவதுபோல் ஒரு நாட்டு மக்களின் விசுவாசம் கைமாறியது. பிறகு அந்த விசுவாசம் போதவில்லை என்று கழுத்தில் கயிறு விழுந்தது.

திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881இல் எழுதி வெளியிட்ட கால்டுவெல், பானர்மேன் அனுப்பிய அறிக்கையை அதில் சேர்த்திருக்கிறார். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமலும் அலட்சியமாகவும் நின்றான், எட்டயபுரம் பாளையக்காரனை வெறுப்போடு பார்த்தான் என்று தூக்கிலிட்டவரே எழுதுகிறார். தூக்குமரத்தடியை அடைந்தபோது அவன் இப்படி வருந்தினானாம்: கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கேயே போரிட்டுச் செத்திருக்க வேண்டும் என்று. அந்த வருத்தத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை. போரில் தோற்ற ஒருவனின் வருத்தம் அது. அவனைத் தூக்கிலிட்டவர்கள் வேறொரு கணக்கில் அதை எழுதிக்கொண்டார்கள்.

1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மறுபடியும் கோட்டை எழுந்தது, மறுபடியும் போர். அந்த ஆண்டு முடிவதற்குள் சிவகங்கையின் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டார்கள். எஞ்சியவர்களுக்கு நாடுகடத்தல். 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பல் பினாங்குக்குப் புறப்பட்டது. அது பாய் விரித்தது தூத்துக்குடியிலிருந்து. சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் இருந்தார்கள். துரைசாமிக்குப் பதினைந்து வயது இருக்கும்.

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. அவருக்கு எதிராகவே பிறகு வெல்ஷ் போரிட்டார். அவருடைய மகனைக் கைதியாகக் கண்டார். பல ஆண்டுகள் கழித்து, 1818இல், பினாங்கில் தளர்ந்து நரைத்த ஒருவர் வெல்ஷின் முன் வந்து நின்றார். யார் என்று தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் அது துரைசாமி என்று புரிந்தது. முப்பது வயதை ஒட்டிய ஒருவரைக் கிழவர் என்று நினைத்திருக்கிறார் வெல்ஷ். அந்தச் சிறுவன் எந்த அரசனின் சாவை மனத்தில் எண்ணினான்? எந்த அரசன் அவனைக் காத்திருந்தான்? அவன் மேல் இருந்த குற்றம் அவனுடைய தகப்பன் பெயர் ஒன்றுதான்.

*

இந்தக் கடல் அரசுகளின் தண்டனையை மிகப் பழங்காலத்திலிருந்தே அறியும். செங்கடல் வாணிகத்தைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக் குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு செய்தார்கள் என்கிறது. பாண்டியனின் கழுத்தில் கிடந்த முத்து, அவனுடைய கைதியின் மூச்சில் வந்தது.

பிற்காலத்தில் பரவரும் முஸ்லிம்களும் தொழிலாகவே முத்துக் குளித்தார்கள். 1961 வரை அரசு நடத்திய சலாபங்களில் குளித்தவர்களின் பேச்சு இன்றும் ஊரில் உண்டு. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குளிப்பவர் அடித்தரைக்கு இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழேயிருந்து கயிறு அசைந்த நொடியில் அவர் இழுத்தாக வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் கீழே இருப்பவர் பிணம். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை அவனுக்குத்தானே இருக்கும்! எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாகக் காவலும் வைத்தியமும் தரும். பங்கு நியாயமா இல்லையா என்று வாதிடலாம். ஆனால் யார் இறங்குகிறார், யார் பிடிக்கிறார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

அரசுக்கும் குடிக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவன் தன் உயிரை நம்பி இறங்குகிறான். இன்னொருவன் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கிறான். மேலே பிடித்திருப்பவன் கையை விட்டுவிட்டால், கீழே இருப்பவன் தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொண்டு மேலே வருவதை எப்படித் துரோகம் என்பது?

*

1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற பிரிவு நுழைந்தது. மெக்காலேயின் 1837 வரைவில் இருந்து, 1860 சட்டத்தில் விடுபட்டுப்போனதை ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சேர்த்தார். அரசின் மேல் மக்களுக்கு அன்பின்மை ஏற்படப் பேசினாலோ எழுதினாலோ ஆயுள் முழுக்க நாடுகடத்தலாம். இதே குற்றத்துக்கு இங்கிலாந்தில் அபராதமும் சில காலச் சிறையும்தான். அங்கே எழுத்து ராஜநிந்தனையா இல்லையா என்பதை 1792 முதல் ஜூரிகளே தீர்மானித்தார்கள். அங்கே வேலி, இங்கே வாள்.

1906 அக்டோபர் 16ஆம் தேதி, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே தேதியில், சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வ.உ.சி. அதைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இனாமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்று ஊர் இன்றும் சொல்கிறது. சந்தையில் நடந்த போட்டி அது. அதில் ஒரு தரப்புக்கு அரசு அதிகாரிகள் ஆள் சேர்த்தார்கள். மறுதரப்பைச் சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள். குடிகளின் தொழிலைக் காக்க வேண்டிய கை, குடிகளின் தொழிலை நெரித்தது. கயிற்றை மேலேயிருந்து விட்டது யார் என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் பேசினார்கள். ஊரே தொழிலாளர்களுக்குச் சோறு போட்டது. வ.உ.சி.க்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதியில் கத்தியை மடித்து எழுந்துபோனார் என்றொரு செய்தி அந்த நாட்களிலிருந்து நமக்கு வந்திருக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் ஆலை இறங்கிவந்தது. மார்ச் 9ஆம் தேதி வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடினார்கள். மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் திருநெல்வேலியில் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு ஊர்களில் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டது. அதற்கான செலவையும் மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள்.

வ.உ.சி.க்கு மட்டும் ஜாமீன் தருவதாகச் சொன்னார்கள். கூட வந்தவர்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று மறுத்து அவர் சிறையிலேயே இருந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். துரோகம் என்ற குற்றத்துக்காக நிறுத்தப்பட்ட மனிதன், நம்பியவர்களைக் கைவிட மாட்டேன் என்று சிறைக்குள் உட்கார்ந்திருக்கிறான். அந்த நீதிமன்றத்தில் விசுவாசம் என்பதன் பொருளை அறிந்தவர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் கூண்டில் நின்றார்.

வழக்கின் ஆதாரம் பேச்சு. தமிழில் சுருக்கெழுத்து அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. திறந்த கடற்கரையில், காற்றிலும் கூட்டத்திலும், காதில் விழுந்ததைப் போலீஸ்காரர்கள் கையால் எழுதிக்கொண்ட குறிப்புகளை வைத்து வழக்கு நடந்தது. ஜில்லா செஷன்ஸில் ஜூரிக்குப் பதில் அசெசர்கள் என்பதே அக்கால வழக்கம். அவர்கள் சொல்லும் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அதே ஜூலை மாதம் 22ஆம் தேதி பம்பாயில் இதே குற்றத்துக்காகத் திலகருக்குத் தீர்ப்பு வந்தது. அங்கே ஒன்பது ஜூரிகள் இருந்தார்கள். ஏழு பேர் ஐரோப்பியர். அந்த ஏழு பேரும் குற்றவாளி என்றார்கள், மற்ற இருவரும் இல்லை என்றார்கள். ஆறு ஆண்டு நாடுகடத்தல். திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு விதித்தது இரண்டு ஆயுள் தண்டனைகள். நாற்பது ஆண்டு என்று ஊர் கணக்கிட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. சிவாவுக்குப் பத்து ஆண்டு.

முதல் ஆயுள் தண்டனை அவருடைய பேச்சுக்கு. இரண்டாவது, சிவாவின் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்கு. சிவா வெளியூரிலிருந்து வந்தவர். வ.உ.சி. அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தார், சோறு போட்டார், மேடையில் ஏற்றினார். வந்தவரை வீட்டில் வைத்துக் காப்பதை அறத்தின் தலையாய கடமைகளில் ஒன்றாக வைத்த குறளை வாழ்நாள் முழுவதும் படித்தவர் அவர். பின்னாளில் அறத்துப்பாலுக்கு உரையும் எழுதினார். அவருக்கு இருபது ஆண்டு வாங்கித் தந்தது அந்த விருந்தோம்பல். தீர்ப்பைக் கேட்டு அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்தின் சித்தம் கலங்கியது.

மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். 1912 டிசம்பர் 24ஆம் தேதி கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னதும் இல்லை. சிறையில் குஷ்டநோய் பற்றியிருந்த சிவா வந்து நின்றார்.

பல ஆண்டுகள் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி, பறிபோன வக்கீல் சன்னதை வ.உ.சி. திரும்பப் பெறத் துணைநின்றார். வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோக் 1608இல் சொன்ன அந்த உறவை ஒட்டப்பிடாரத்துக்காரர் இப்படி நடத்திக் காட்டினார். நியாயம் தந்த கை ஆங்கிலேயக் கையாக இருந்தாலும் அதற்கு நன்றி உண்டு. தராத அரசு எந்த நிறமாக இருந்தாலும் அதற்கு விசுவாசம் இல்லை. அவரிடம் பகை இருந்தது, காழ்ப்பு இருக்கவில்லை. தன் வாழ்நாள் முழுவதும் இந்தக் கணக்கில் அவர் பிசகவில்லை.

*

1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட ஐந்து நாட்களே இருந்தன. பெட்டியில் ஆஷின் மனைவி உடனிருந்தார். அந்தக் கொலையை நியாயப்படுத்த இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. கணவன் சுடப்பட்டதைக் கண்ணால் கண்ட ஒரு பெண்ணின் துயரத்துக்கு எந்த நாட்டின் விடுதலையும் ஈடாகாது. கொன்றவரும் அங்கேயே இறந்துவிட்டார். கொலைக்கு விசாரிக்க வேண்டியவர் இல்லை.

பதினான்கு பேர் மேல் வழக்கு போட்டார்கள். நீலகண்ட பிரம்மச்சாரி முதல் குற்றவாளி. மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்ட் ஒயிட், ஐலிங், சங்கரன் நாயர் மூவரும் அமர்ந்தார்கள். 1908இல் இயற்றிய சட்டத்தின்படி இத்தகைய தனி அமர்வில் ஜூரி கிடையாது. லண்டனில் ஒரு செருப்புத் தொழிலாளியைக் காப்பாற்றிய அந்தப் பன்னிரண்டு நாற்காலிகள் சென்னையில் போடப்படவில்லை. 1912 பிப்ரவரியில் ஒன்பது பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நீலகண்டருக்கு ஏழு ஆண்டு. வன்முறை நடந்தபோதுதான் ஓர் அரசின் சட்ட ஒழுக்கம் சோதனைக்கு உள்ளாகிறது. அரசனையே கொல்லப் பார்த்தான் என்று சொல்லப்பட்டவனுக்கும் லண்டனில் நகல், வழக்கறிஞர், ஜூரி மூன்றும் கிடைத்தன. அதே மகுடத்தின் கீழ் இருந்த இந்தக் கரைக்காரனுக்கு ஜூரி மறுக்கப்பட்டது. மகுடம் ஒன்று, குடிகள் இரண்டு தரம் என்றால், இரண்டாம் தரத்துக் குடியிடம் முதல் தரத்து விசுவாசம் கேட்க என்ன உரிமை?

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. விடுதலைக்குப் பிறகும் 124ஏ இருந்தது. 1962இல் கேதார்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லி, வன்முறையைத் தூண்டும் அளவுக்குப் போனால் மட்டுமே குற்றம் என்று எல்லை கட்டியது. வ.உ.சி.யை வீழ்த்திய ஆயுதத்தை அவர் பெயரில் துறைமுகம் வைத்திருக்கும் குடியரசு உறையிலிட்டுக் காத்துவைத்தது.

2011இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை எழுந்தது. முத்துக்குளித்துறையின் மீனவ ஊர் அது. மாதாகோயில் முன்னால் பந்தல் போட்டு, பெண்கள் நாள் தவறாமல் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஃபுகுஷிமா விபத்து நடந்த ஆண்டு. கடலில் விடும் வெந்நீரால் மீன் என்னாகும், விபத்து நேர்ந்தால் எங்கே ஓடுவது என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் ஆயிரக்கணக்கில் வழக்குகள் பதிவாயின. ராஜத்துரோகப் பிரிவான 124ஏயும், அரசுக்கெதிராகப் போர் தொடுப்பதைக் குறிக்கும் 121ஆம் பிரிவும் அவற்றில் இருந்தன. 2012 செப்டம்பர் 10ஆம் தேதி கூடங்குளத்தில் கண்ணீர்ப்புகை வீசினார்கள். அன்று மணப்பாட்டில் போலீஸ் சுட்டு ஒரு மீனவர் இறந்தார். சில நாள் கழித்து மக்கள் கழுத்தளவு கடல் நீரில் இறங்கிக் கைகோத்து நின்றார்கள். மீன்கூடை சுமக்கும் பெண் ஒருத்தி இந்தியக் குடியரசின் மேல் போர் தொடுத்தாள் என்று ஒரு முதல் தகவல் அறிக்கை சொன்னது.

அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் நிறைய உண்டு, அவர்களோடு விவாதிக்கலாம். விவாதத்துக்கு வந்தவளைப் போருக்கு வந்தவள் என்று எழுதினால் மட்டும் எந்தப் பக்கத்தவரும் பொறுக்கக் கூடாது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்த அதே தீர்ப்பில், மக்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. ஒரு பகுதியை அரசு திரும்பப் பெற்றது. மிச்ச வழக்குகளுக்கு மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். ஒரு மீனவக் குடும்பத்துக்கு, வாய்தா நாள் என்றால் கடலுக்குப் போகாத நாள்.

2022 மே 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 124ஏயை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது 124ஏ போய்விட்டது. அதன் இடத்தை நிரப்ப 152ஆம் பிரிவு வந்தது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிக்கும் பேச்சுக்கு ஆயுள் தண்டனை வரை அது தரும். போர் தொடுக்கும் குற்றம் 147ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நாட்டைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லை கடந்து ஆயுதம் கொண்டுவருகிறவனும், குண்டு வைக்கிறவனும் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. என் கேள்வி, அந்தச் சட்டத்துக்கு நாம் என்ன வேலி போட்டிருக்கிறோம் என்பது.

பிரிட்டன் தன் குடிகளுக்குப் போட்ட வேலி நமக்கு மறுக்கப்பட்டது என்று நூறு ஆண்டு பேசினோம். அந்த வேலியை நாமே போட்டுக்கொள்ள நமக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது. துரோகப் பிரிவில் ஒருவர் மேல் வழக்குப் பதியும் முன் நீதிபதி ஒருவரின் அனுமதி கட்டாயமாக வேண்டும். பேச்சு மட்டும் போதாது, வெளிப்படையான செயல் வேண்டும். அதற்கு இரண்டு நேர்ச் சாட்சிகள் வேண்டும். பெயர் குறிப்பிடாமல் ஆயிரம் பேர் என்று முதல் தகவல் அறிக்கை எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் சாட்டும் அரசு தன் பாதியை முதலில் வைக்க வேண்டும். இந்த மனிதர் எங்களிடம் என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் சொன்னோம், அவருடைய கடலுக்கும் நிலத்துக்கும் உயிருக்கும் என்ன பாதுகாப்பு தந்தோம் என்ற கணக்கு அந்தக் குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், அடுத்த பக்கத்தைப் புரட்டாமலே வழக்கைத் தள்ளுபடி செய்கிற துணிவு நம் நீதிமன்றங்களுக்கு வர வேண்டும்.